நாலு விரற்கடை

காற்று வேண்டாம் என்று
மின்வாரியம் சொல்லிவிட்ட பகல்.
ஆனி மாசம். காவல்கிணற்றுக்கு மேற்கே
கணவாய் வாய்திறந்து ஊதிக்கொண்டிருக்க
முப்பத்தேழாம் நம்பர் காற்றாலை
சும்மா நின்றது.
அதன் நிழலும் உடைமரங்களின் மேல்
போட்டது போட்டபடி கிடந்தது.
அந்த நிழலில் வண்டியை ஸ்டாண்டு போட்டேன்.

எண்பத்தொன்பதாம் வருஷத்து யெஸ்டி.
எருமைக் கொம்பாக
நெஞ்சுக்கு நேரே தூக்கி நிற்கும் ஹேண்டில்பார்.
ராதாபுரத்திலிருந்து காலையில் கிளம்பினால்
சட்டை பாய்மரமாகிவிடும்.
மூன்றாம் கியருக்கு மேல் விடாது காற்று.
வழி முழுக்க யாரோ
நெஞ்சில் கைவைத்து
"எங்க போற" என்கிற மாதிரி.

தாழ்ந்த கம்பியை
தச்சநல்லூர் பழைய இரும்புக்கடையில்
நிறுத்துத்தான் கொடுத்தார்கள்.
ஒன்றே கால் கிலோ.
எந்த வண்டியோடது என்று கேட்டேன்.
"ஓடுன வண்டியோடதுதான்."

போல்ட்டு நாலும் பதிமூணாம் நம்பருக்கு
மறுபேச்சில்லாமல் கழன்றன.
கைப்பிடி ரப்பர்தான் வரவில்லை.
எனக்கு முன்னால் வைத்திருந்தவர்களின் வேர்வையும்
சேர்ந்து ஒட்டியிருந்தது.
பிளேடால் கீறி உரித்தேன்.

கேபிள்கள் பழைய உயரத்துக்கு அளந்தவை.
கம்பி இறங்கியதும் மிச்சப்பட்டு
ஹெட்லைட்டுக்கு முன்னால் தொங்கின,
கல்யாணம் முடிந்தும் கழற்றாத சீரியல் பல்பாக.
கிளட்சை விளக்குக்குப் பின்னால் விட்டேன்.
ஆக்சிலேட்டரை டேங்குக்கு அடியில்.
உதைத்துக் கிளப்பி
இடப்பக்கம் முழுசாகத் திருப்பினால்
நான் முறுக்காமலே வண்டி உறுமுகிறது.
திரும்பக் கழற்றினேன். திரும்ப மாட்டினேன்.
வலப்பக்கம் திருப்பியபோது
பெருவிரல் டேங்குக்கும் கம்பிக்கும் நடுவே.
சொன்ன வார்த்தையை எழுத முடியாது.

வாட்ச்மேன் பொன்னுலிங்கம்
டீ கொண்டுவந்தவர் குனிந்து பார்த்தார்.
"என்னவே, இனிமே கும்பிட்டுக்கிட்டேதான் போவீரோ?"
"காத்தைத்தான்."
"கும்பிட்டா விட்டுருமாக்கும்."

விட்டது.
மேற்கே ஒரு மைல் ஓட்டிப் பார்த்தேன்.
இறங்கியது நாலு விரற்கடைதான்.
ஆனால் ரோடு பக்கத்தில் வந்திருந்தது:
தார் வெடிப்பில் அடைந்த மணல்,
ஆட்டுப்புழுக்கை,
வெயிலில் நசுங்கிய ஓணானின் ஒரு கை.
காற்று முதுகில் ஏறி
ஏதோ மேடு என்று நினைத்துத் தாண்டிப்போனது.
நாலாம் கியர்.
மணிக்கட்டு இரண்டும் கடுத்தன.
அதற்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் பின்னால் சுயம்புக்கனி.
வடக்கன்குளம் லேபில் அவளுக்கு
ரத்தம் எடுக்கிற வேலை.
வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள் சனங்கள்.
ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய் நிறுத்தி
மணியைக் காட்டினேன்.
அவள் கண்ணிலிருந்து மணலை எடுத்துக்கொண்டிருந்தாள்.
புருவமெல்லாம் செம்மண்.
"காத்தே இல்லன்னு சொன்னீயளே."
"இல்லையே."
"எனக்கு இருந்துச்சு."

நான் தாண்டிப்போக விட்டது
அவளிடம்தான் போயிருக்கிறது.
வேண்டாம் என்று சொல்லிவிட்டால்
அது எங்கேயாவது போகத்தானே செய்யும்.

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.
மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது.
"இது நல்லா தெரியுது, குத்த லேசு" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

ராத்திரி ஸ்பானரோடு போய் உட்கார்ந்தேன்,
கிளாம்பைத் தளர்த்தி
ரெண்டு விரற்கடையாவது தூக்கிவிட.
வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்தவள்
"முடுக்குங்க அதை" என்றாள்.
"நீங்க குனிஞ்சா நானும் குனியுதேன்."

அதிலிருந்து ஒவ்வொரு குழிக்கும்
அவள் ஹெல்மெட்
என் முதுகெலும்பில் ஒரு தட்டு.
வடக்கன்குளம் போவதற்குள் பதினொன்று.
இன்றைக்கு ஒன்பதுதான்.
எந்த இரண்டு குழியில்
நிமிர்ந்து எதைப் பார்த்தாள் என்று
சாயங்காலம் கேட்க வேண்டும்.