ஒருக்களித்துப் படுக்கவைத்தல்

ஜூலை. பைசாண்டூவில் ஆற்றுக்காற்று
தகரக் கதவின் அடி இடுக்கில் நுழைந்து
கணுக்காலைத் தேடிப் பிடிக்கும் மாதம்.
இரவுப் பணி முடித்த வெள்ளைக் காலணியோடு
ஷெட்டில் நிற்கிறேன்.
"ஒரு கை பிடிச்சாப் போதும் மிர்த்தா, அஞ்சு நிமிஷம்"
என்றான் எல்பியோ.
அவனுடைய அஞ்சு நிமிஷங்களை
இருபத்திரண்டு வருடமாக எண்ணிவருகிறேன்.

மேசைமேல் எஞ்சின்.
ஐம்பத்தொன்றாம் வருடத்து பி.எஸ்.ஏ., இரட்டை சிலிண்டர்,
முதுகோடு ஒட்டிய கியர்பாக்ஸ்.
மூன்று வருடம் எங்கள் வீட்டில்
பாகம் பாகமாகக் குடியிருந்தது:
கிராங்க் கட்டிலுக்கடியில்,
வால்வுகள் முட்டை அட்டையில்,
பிஸ்டன் வளையங்கள், சொல்ல வெட்கம்,
என் கம்மல் பெட்டியில்.
மோன்டெவிடியோவிலிருந்து பேருந்தில் வந்த கேஸ்கெட்டை
விடியவிடிய மடியில் வைத்துத் தடவிப் பார்த்தவன்
என் பிரசவத்தன்று
ஆஸ்பத்திரி பெஞ்சில் குறட்டை விட்டான்.

அடுத்த சந்து வாஷிங்டனும் வந்திருக்கிறான்,
மாத்தே குவளையைக் கீழே வைக்காமலே
யோசனை சொல்ல.

முதல் தடவை: இடப்பக்கம் சாய்த்துத் தூக்கினோம்.
கியர்பாக்ஸ் பின்குழாயில் முட்டியது.
இரண்டாம் தடவை: மூக்கை முதலில் நுழைத்தோம்.
தலை மேல்குழாயில் இடித்தது.
மூன்றாம் தடவை
அறுபது கிலோவும் என் மணிக்கட்டில் இறங்கியபோது
கர்ர்ரென்று ஒரு சத்தம்.
ஏழு பூச்சுக் கறுப்பு, தேய்த்துத் தேய்த்துப்
பூசிய கண்ணாடிக் கறுப்பு,
அதில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

யாரும் பேசவில்லை.
வாஷிங்டன் குவளையைக் கீழே வைத்தான்.

எனக்கு ஒன்பதாம் கட்டில் நினைவுக்கு வந்தது.
கலார்சா, நூற்றுப் பத்துக் கிலோ, வலப்பக்கம் விழுந்துபோனவர்.
அவரைத் தூக்கித்தான் விரிப்பு மாற்றவேண்டும் என்றால்
இத்தனை வருடத்தில் எனக்கு முதுகே இருந்திருக்காது.
ஆளை விரிப்புக்குக் கொண்டுபோவதில்லை நாங்கள்.
ஒருக்களித்துப் படுக்கவைத்தால்
விரிப்பு ஆளிடம் வரும்.

"கீழே வை" என்றேன். "எஞ்சினை.
போர்வைமேல், ஒருக்களித்து."
"மிர்த்தா, இது எஞ்சின்."
"தெரியும். உன்னைவிடக் கம்மியாத்தான் முனகுது."

என் பையில் தேதி தாண்டிய பேண்டேஜ் சுருள்கள் நாலு.
ஃப்ரேமின் குழாய்களைச் சுற்றினேன்,
எலும்பு முறிந்த கணுக்காலைச் சுற்றுவதுபோல
பாதிக்குப் பாதி ஏற்றி, இறுக்காமல்.
சக்கரமில்லாத ஃப்ரேம் எடையே இல்லை,
பசித்த நாயைத் தூக்குவதுபோல் இருந்தது.
மூவரும் அதைச் சாய்த்து
படுத்திருந்த எஞ்சின்மேல் மெல்ல இறக்கினோம்.
பின்குழாய் கியர்பாக்ஸைத் தாண்டியது.
மேல்குழாய் தலையைத் தாண்டியது.
ஒரு சட்டைக்குள் கை போவதுபோல.

பின்பக்க நீள போல்ட் மட்டும்
மயிரிழையில் மறுத்தது.
எல்பியோ சுத்தியலை எடுக்க,
நான் கிரேங்க்கேசுக்கு அடியில் முழங்காலைக் கொடுத்து
மூச்சை இழுத்துக் கொஞ்சம் உயர்த்தினேன்.
போல்ட் போன சத்தமே கேட்கவில்லை.
மறுபக்கம் அதன் நுனி எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான்.

பிறகு வார்டு எண்ணிக்கை: ஒன்று, ரெண்டு, மூணு.
நிமிர்ந்து நின்றது,
கட்டுப்போட்ட கால்களோடு.

எல்பியோ நட்டுகளை முடுக்கிக்கொண்டே
அந்த வெள்ளைக் கோட்டைக் கட்டைவிரலால் மறைத்தான்.
எடுத்தான். மறுபடி மறைத்தான்.
நன்றி என்று அவன் சொல்லவில்லை.
பேண்டேஜை அவிழ்த்து, திரும்பச் சுருட்டிக் கொடுத்தான்,
தப்பாகத்தான் சுருட்டியிருந்தான்.

அன்றிரவு ஒன்பதாம் கட்டில்.
மூன்று முறை சோப்புப் போட்டும் போகாத கையோடு
அவரைச் சுவர்ப்பக்கம் திருப்புகிறேன்.
செவ்வாயிலிருந்து வாய் திறக்காதவர்
மோந்து பார்க்கிறார்.
"என்ன வண்டி?"
பி.எஸ்.ஏ. என்றேன்.
"ரெட்டை சிலிண்டரா?"
ஆமாம்.
விரிப்பின் மறுபாதி அடியில் போகும்வரை
சுவரையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்:
"ஒழுகும்."