நாற்பத்தொன்று

நரின் நகரப் பதிவகத்தில்
காலையில் ஒருமுறை மின்சாரம் போய் வந்தது.
அவ்வளவுதான்.

லினக்ஸ் சொல்கிறது: அனுப்பிவிட்டேன்.
பிரிண்டர் சொல்கிறது: தயார்.
பச்சை விளக்கு வேறு.
இரண்டும் பொய் சொல்லவில்லை என்பதுதான்
புருல்சாவுக்கு எரிச்சல்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தாலாய்,
பனி உருகிச் சொட்டும் தொப்பியோடு.
பிறந்து மூன்று நாளான மகளுக்குப்
பெயர்: மேரிம்.
அச்சிடு. அச்சிடு. இன்னொரு தரம் அச்சிடு.
கிணற்றில் போட்ட கல்.

டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினாள்.
கேபிளைப் பிடுங்கி, ஊதி, செருகினாள்
(நம்பிக்கையில்லாமல்தான் ஊதினாள்).
இதற்குள் மருத்துவமனையிலிருந்து மனைவியின் போன்:
"முடி எவ்வளவு கறுப்பு, பார்த்தாயா?
கராச்சாச் என்றே இருக்கட்டும்."
புதுப் படிவம்.
அச்சிடு. அச்சிடு.

தேநீர் ஆறி ஆடை படிந்தபின்
பிங் அடித்துப் பார்க்கத் தோன்றியது.
நான்கு போயின. ஒன்றும் திரும்பவில்லை.
எழுந்து போய்
பிரிண்டரின் சின்னத் திரையைத் தட்டித் தட்டி
அதன் வாயாலேயே முகவரியை வாங்கினாள்.
இவள் ஒட்டி வைத்திருந்த சீட்டில் கடைசி எண் இருபத்துமூன்று.
அது இப்போது குடியிருப்பது நாற்பத்தொன்றில்.
கண் விழித்த ரவுட்டர்
வீட்டெண்ணை மாற்றிக் கொடுத்திருக்கிறது,
யாரிடமும் சொல்லாமல்.

திருத்தினாள்.
உள்ளே உருளைகள் இருமின.
மேரிம், மேரிம், மேரிம், மேரிம்,
பிறகு கராச்சாச், ஏழு,
சூடாக, ஒன்றின்மேல் ஒன்றாக.

மேலிருந்த ஒன்றில் முத்திரை குத்தினாள்.
செல்லாத நான்கைக் கிழிக்கப் போனாள்.
தடுப்பின் இடுக்கில் கை நீட்டினான் தாலாய்:
அதில் ஒன்று எனக்கு.
முத்திரையெல்லாம் வேண்டாம்.
காலை முழுக்க அவள் அதுதானே.