காலை ஐந்தரை, சேலம் ஜங்ஷன்

இயந்திரத்துக்கு என் விரலைத் தெரியவில்லை.
மூன்று முறை வைத்தேன்.
ஏழு வருட ஆசிட்டில் கரைந்த ரேகை.
"மறுபடியும் முயலவும்" என்றது
என் பெயரை ஒருநாளும் சொல்லாத பெண்குரல்.

பழைய காண்ட்ராக்டின் சூப்பர்வைசர்
ஐந்து நிமிடத்துக்கு அரைநாள் வெட்டுவார்.
வாழப்பாடி பஸ் தாமதம் என்றால்
"சம்பளத்தையும் பஸ்ஸிடமே கேள்" என்பார்.
அப்போதெல்லாம்
அவர் நிற்கும் இடம் மட்டும் பளபளக்கும்.
குழாய் மேடையின் பின்புறம்
பாசி பிடித்துக் கிடக்கும்.
அதுவும் எங்கள் கைவேலைதான்.

ஒருமுறை சிறந்த பணியாளர் சான்றிதழ் தந்தார்கள்.
மாதேஸ்வரிக்கு. அதில்
மாதேஸ்வரன் என்றிருந்தது.
கைதட்டினோம்.

தீர்த்தகிரி வந்த மாதம்
கையுறை வந்தது. அளவு பெரிது,
இருந்தாலும் வந்தது.
விரல் ஏறாதவர்களுக்கென்று
சொந்தக் காசில் ஒரு நோட்டு வாங்கினார்.
5.40 என்றால் 5.40தான்,
கெஞ்சல் செல்லாது.
பக்கத்தில் சின்ன எழுத்தில்: வாழப்பாடி பஸ்.

அந்த வாரம் ஒரு நாள்
குழாய் மேடையின் பின்னால் நான்
பாசி சுரண்டிக்கொண்டிருந்தேன்.
யாரும் சொல்லவில்லை.
சேர்வராயன் மலைமேல் வெளிச்சம் ஏறியபோதுதான்
எனக்கே தெரிந்தது.

மார்ச்சோடு டெண்டர் முடிகிறது.
அவரும் ஏஜென்சி ஆள்தானாம்.

இன்று அவர் விரலையும்
இயந்திரம் ஏற்கவில்லை.
சற்று நேரம் அதையே பார்த்திருந்தார்,
பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.
5.34 என்று எழுதினேன்.

"நாலு நிமிஷம் லேட்டு சார். காரணம்?"

சிரிக்கவில்லை அவர்.
"வண்டி பஞ்சர்" என்றார்.

எழுதிக்கொண்டேன்,
சின்ன எழுத்தில்.