அறைக்கு மேல் அறை இல்லை

சாம்பல் கோட்டைக்கு ஐந்தாம் அத்தியாயம் செய்கிறோம்,
நானும் யானிக் பெரேயும்.
விளையாட்டை முதலில் செய்த கம்பனி மூடி
இருபத்தாறு வருடம்.
யாரும் கேட்கவில்லை. காசும் இல்லை.
ஒன்பது புது லெவல், ஒரு புதுத் துவக்கு,
பழைய பேய்கள், நிறம் மட்டும் வேறு.

பகலில் எனக்குக் கடிகாரப் பற்சக்கரங்களை
உருப்பெருக்கியின் கீழ் புரட்டிப் பார்க்கிற வேலை.
இரவில் சுவர் இழுப்பேன்.
லா ஷோ-து-ஃபோன் இதற்கென்றே கட்டின ஊர் மாதிரி:
ஒருமுறை எரிந்து, பிறகு
அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட தெருக்கள்.
சதுரம், சதுரம், பனி, சதுரம்.
எட்டாம் லெவலுக்கு நான் வேறெங்கும் போகவில்லை.
குடியிருக்கிற கட்டடத்தையே எடுத்தேன்.

இந்த எஞ்சினுக்கு மாடி தெரியாது.
அறைக்கு மேல் அறை வைக்க விடாது.
அண்ணாந்து பார்க்க வழியில்லை, குனியவும்.
நாலு மாடியையும் உருவி
சீட்டுப் பரப்புவதுபோல் தரையில் பரப்பினேன்.
ஏழு வருடமாக வெறும் காலடிச் சத்தமாய் இருந்த
மேல்வீட்டுப் போர்த்துக்கீசக் குடும்பம்
இப்போது என் இடப்பக்கம்.
சிவப்புச் சாவி அவர்கள் குளியலறையில்.
நிலவறைச் சலவை இயந்திரத்துக்குப் பின்னால்
ராக்கெட்டுகள்.

பேய்க்கு எட்டுப் படம்:
முன், பின், பக்கங்கள், மூலைகள்.
சுற்றி வந்தால் அதுவும் திரும்புவதாகக் கண் நம்பிவிடும்.
செத்த பேய்க்கு ஒரே படம்.
எந்தப் பக்கத்தால் கடந்து போனாலும்
முகம் உன் பக்கம்தான் கிடக்கும்.
இடம் மிச்சம் பிடிக்கப் பழைய ஆட்கள் செய்த
சோம்பேறி வேலை என்றான் யானிக்.
எனக்கு அது பிழையாகப் படவில்லை.
ஏனென்று அவனுக்குச் சொல்லவும் இல்லை.

இரண்டாம் மாடி மேடம் உகெனான் வீட்டுக் குசினியில்
எதை விடுவது என்று
மூன்று இரவு மௌசைப் பிடித்தபடி இருந்தேன்.
கொம்பன் ஒன்றை வைத்தேன். எடுத்தேன்.
பறக்கும் தலை ஒன்றை வைத்தேன்.
ஜன்னலோரம் அவர் ஜெரேனியம் தொட்டி இருந்தது,
பச்சை நிறத்தில் பதினாறு புள்ளி.
தலையையும் எடுத்துவிட்டு
ஒரு மருந்துப் பெட்டியை வைத்து மூடினேன்.

"வெறும் அறை," என்றான் யானிக்.
"ஆட்டம் இங்கே படுத்துவிடும்."

சோதித்துப் பார்க்க ஆறு பேருக்கு அனுப்பினோம்.
தீக்கால்வாயைப் பற்றி யாரும் எழுதவில்லை,
நான் மாதக்கணக்காய்ச் செதுக்கின கடைசி அரக்கனைப் பற்றியும்.
ஆறு பேரும் அந்தக் குசினியைக் கேட்டிருந்தார்கள்.
அங்கே என்ன வரும்?
எப்போது வரும்?
என் தம்பி துவாரகன்,
சின்ன வயதில் ஒரே கீபோர்டில்
அவன் நடக்க நான் சுட்டவன்,
லோசானில் இருந்து பதிவை அனுப்பியிருந்தான்.
பார்த்தேன்.
மருந்துப் பெட்டியைத் தொடவில்லை.
உடம்பில் மிச்சம் பதினொரு விழுக்காடு.
முதுகைச் சுவரில் ஒட்டி, துவக்கைக் கதவுக்கு நீட்டி
நாலு நிமிடம் அசையாமல் நிற்கிறான்.
ஜெரேனியம் அவனுக்குப் பின்னால்.

"மொத்தப் பொதியிலும் பயங்கரமான இடம்," என்றான் யானிக்,
"நீ கெட்டிக்காரி."

நான் அதற்காகச் செய்யவில்லை.

நேற்று, எங்கள் பெட்டியில் தவறி விழுந்த கடிதத்தோடு
இறங்கிப் போய் மேடம் உகெனான் கதவைத் தட்டினேன்.
உள்ளே செருப்புச் சத்தம் வந்தது.
கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.
பார்வைத் துளை இருண்டது.
சங்கிலி அசையவில்லை.
மாடிப்படி விளக்கு தன் கணக்குக்கு அணைந்துபோக
தடவி அதை மறுபடி போட்டேன்.
கடிதத்தைத் துளைக்கு நேரே பிடித்தேன்.
பிறகு மற்றக் கையையும் தூக்கினேன்,
அதில் ஒன்றும் இல்லை என்று தெரிய.