இன்று வரை

ஆறரை மணி. வாவிக்கு மேல் வெயில் இன்னும் பிடிக்கவில்லை.
ஓடுபாதை முழுக்க இரவு மழை.
இறக்கைக்குக் கீழே குந்தியிருந்து
விரலளவுக் குவளையை வடிகுழாயில் அழுத்துகிறேன்.
நீலமாக இறங்குகிறது எரிபொருள்.
அடியில், சேராமல்,
ஒரு தண்ணீர்ப் பொட்டு.

இந்த ஊரில் தண்ணீர் எதற்குள்ளும் வந்துவிடும்.
பாடசாலைக் கொப்பிக்குள் வந்திருக்கிறது,
கச்சேரிக் கோப்புக்குள்,
ஒருமுறை எங்கள் கட்டிலுக்குள்.
கொட்டிவிட்டுத் திரும்பப் பிடிக்கிறேன்.
திரும்பவும் பொட்டு, முன்னதைவிடச் சின்னது.
நாலாம் தரம்தான்
நீலம் மட்டும்.

அஸ்மீர் ஏணியில் ஏறி
தாங்கியின் மூடியைக் கழற்றுகிறான்.
"ரப்பர் வளையம் வெடிச்சிருக்கு."
மாற்றுகிறோம். அரை மணி போகிறது.

வேகத்தைச் சொல்லும் குழலின் சிவப்பு உறையை இழுத்து
உள்ளே பார்க்கிறேன், ஊதாமல்.
ஊதினால் மானி கெட்டுவிடும்.
உறை போட மறந்த ஒரே ஒரு மத்தியானம் போதும்,
குளவி வீடு கட்டிவிடும்.

பாக்கியராசா முதலாளி நண்டுப் பெட்டியோடு வருகிறார்.
"மூண்டு கிலோதான் பிள்ளை."
தராசு பதினொன்று என்கிறது.
"அது ஐஸ்" என்கிறார்.
ஐஸ் உருகினாலும் பாரம் பாரம்தான் என்கிறேன்.
தன்னுடைய நிறையை
வெட்கத்தோடு ஏழு குறைத்துச் சொல்கிறார்.
தராசு அவருக்கும் இரக்கம் காட்டவில்லை.

கடைசியாக, இருக்கைக்குப் பின்னால் சொருகிய பிளாஸ்டிக் உறை.
பதிவு. காப்புறுதி. பொறியியலாளரின் கையெழுத்து
கோணலாக, ஆனால் அவருடையதுதான்.
பறப்புத் தகுதிச் சான்றிதழில் விரல் நிற்கிறது:
செல்லுபடியாவது
இன்று வரை.

வலையிறவுப் பாலத்தில் சைக்கிளை விட்டிறங்கி
அம்மா அட்டையை நீட்டுவா.
நான் பின்சீற்றில், கம்பியைப் பிடித்தபடி.
அட்டையைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான்,
பிறகும் அட்டையைத்தான் நம்புவான்.
இப்போது கேட்பவள் நான்.
அவன் கேட்டது, நீ யார் என்று.
நான் இந்தத் தகட்டிடம் கேட்பது
எங்களைத் தாங்குவாயா என்று மட்டும்.
அதுவும் கோபிக்காமல்
சில்லுக்குக் கீழே சொட்டிக்கொண்டு நிற்கிறது.

"நாளைக்கு விடிய இதிலதானே திரும்பி வருவம்?"
"நீங்க வருவீங்க ஐயா. இது வராது."
"ஒரு நாள்தானே பிள்ளை!
பன்னிரண்டு அடிச்ச உடனே
செட்டை என்ன கழண்டு விழவா போகுது?"

விழாது. எனக்கும் தெரியும்.
பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்திலும்
இதே எண்ணெய், இதே ஆணி,
ஒன்றுகூடத் தளர்ந்திராது.
ஆனாலும் எங்கோ ஒரு கோடு கீறியாக வேண்டும்.
கீறாவிட்டால் ஒரு நாள் ஒரு கிழமையாகும்,
கிழமை ஒரு மாரியாகும்,
மாரி
வெடித்த ரப்பர் வளையமாகும்.

பறந்தோம். ஒன்றேகால் மணித்தியாலம்.
இரத்மலானையில் அதன் மூடிகளைப்
பரிசோதகரிடம் திறந்து கொடுத்துவிட்டு,
முதலாளியிடம் வேறு வழி பார்க்கச் சொல்லிவிட்டு,
கோட்டையில் இரவு ரயிலுக்கு
மூன்றாம் வகுப்பு வாங்கினேன்.

வெலிக்கந்தை தாண்டியிருக்க வேண்டும்.
டோர்ச் வெளிச்சத்தோடு ஒருவர் எழுப்புகிறார்.
டிக்கெட்டில் நேற்றைய திகதி.
நிமிர்ந்து உட்கார்ந்து விளக்கம் சொல்ல வாய் திறக்கிறேன்.
அவர் அதற்குள் துளையிட்டுவிட்டார்.
ரயில் புறப்பட்டது நேற்றுத்தானே.

திருப்பித் தரும்போது மூக்கைச் சுளித்து
என் விரல்களைப் பார்க்கிறார்.
பெற்றோல் என்கிறேன்.