சிறிய எழுத்து

தார்த்து நகரில் நவம்பர் மாலை
மூன்றரைக்கே இருண்டுவிடும்.
அச்சகத்தின் மாடியறையில், மேசைவிளக்கின் கீழ்
ஹெல்வே ரவுட்செப்
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்திருந்தாள்.
ஆறிய காபி. காதில் சிவப்புப் பென்சில்.

நாவலில் ஒரு பெண், லெய்தா.
அந்தப் பக்கம் அது சாதாரணப் பெயர்,
பால்காரிக்கும் இருக்கும், பல் டாக்டருக்கும் இருக்கும்.
அந்த மொழியில் சாதாரணச் சொல்லும்கூட:
கண்டெடுக்க, என்று பொருள்.
அப்படிப் பெயர் வைத்தவளை
நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு யாரும் காண்பதில்லை.
லாரிகள் வந்த இரவில்
ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு
மாட்டுக்கொட்டகை வழியாக இறங்கிப் போனவள்.

இப்போது அவள் தம்பி கடிதம் எழுதுகிறான்,
ரயிலேற்றி அனுப்பப்பட்ட அம்மாவுக்கு.
உருளைக்கிழங்கு இந்த வருஷம் பரவாயில்லை.
பசு ஈன்றது. கூரை ஒழுகுகிறது.
கடைசியாக ஒரு வரி:
மெத்ஸஸ் ஓன் லெய்தா.
காட்டில் லெய்தா இருக்கிறாள்.
ஆனால் முதல் எழுத்து சிறியது.
அப்படியானால்
காட்டில் கண்டெடுக்க உண்டு,
காளானோ, பெர்ரிப் பழமோ,
சொல்ல வந்து விட்டுவிட்டான் பையன்.

இதைத் தமிழில் சொல்வது கொஞ்சம் சங்கடம்.
யாரைக் கண்டாலும் எழுந்து நிற்கிற வழக்கம்
நம் எழுத்துக்கு இல்லை;
கண்ணனுக்கும் கண்ணாடிக்கும் ஒரே க.
அங்கே பெயரென்றால்
முதலெழுத்து நிமிர்ந்தாக வேண்டும்.

"பெயர்தானே? பெரிய எழுத்து. திருத்திவிடு"
என்றான் பதிப்பாசிரியன் தார்மோ,
குளிர்கோட்டில் கை நுழைத்தபடியே.
எழுதியவரைக் கேட்கலாமென்றால்
அவர் போய் இரண்டு வருஷம்.

பென்சிலை வைத்தாள். எடுத்தாள்.
அம்மாவுக்குப் போகும் கடிதத்தை
அம்மாவுக்கு முன்னால் வேறு யாரோ பிரிப்பார்கள்.
பையனுக்கு அது தெரியும்.
ஒரு சின்னக் கோடு, எள்ளளவு.
போட்டால் இலக்கணம் சரியாகும்,
காட்டுக்குள் நாய்கள் போகும்.

விட்டுவிட்டாள்.

புத்தகம் வந்தது.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
படிக்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள்:
பர்னுவிலிருந்து ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர்,
வில்யாந்தியிலிருந்து ஒரு நூலகர்,
பிறகு கையெழுத்திடாத ஒருவர்,
தட்டச்சில், ரொம்ப மரியாதையாக:
பக்கம் 212, அச்சுப்பிழை.

ஹெல்வே ஒவ்வொருவருக்கும் அஞ்சலட்டை போட்டாள்.
நன்றி. அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம்.

நான்கு பதிப்பு ஆகிவிட்டது.