பதினோரு நிமிடம்

திரைக்குப் பின்னால் என் இடம்.
நாற்பது அடி வயர் தள்ளி
இயந்திரத்துக்குப் பக்கத்தில்
கவிழ்த்துப் போட்ட வாளி.

வாணியம்பாடி நவ்ஷாத் பாயின் ஜெனரேட்டர்
குட்டியானையில் ஏறி, வளைவுக்கு வளைவு பின்னால் சரிந்து,
திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு வந்து சேர்ந்தது.
மலையில் விழா என்றார்கள். மூன்று நாள்.
பள்ளிக்கூட மைதானத்தில் மூங்கில் நட்டு
வெள்ளைத் துணி இழுத்துக் கட்டினார்கள்.
சாமை அறுத்த கொல்லையில் கார்கள்.
பெங்களூரிலிருந்து வந்த ஓவியர்
பலாமரத்துக்கு நீலம் பூசலாமா என்று கேட்டார்.
மரத்துக்காரர் தீர்த்தகிரி நெடுநேரம் யோசித்து,
"காய் வேற நெறத்துல வந்தா
நீங்கதான் வித்துத் தரணும்" என்றார்.

எல்லாப் படத்தையும் பின்பக்கமிருந்து பார்த்தவன் நான்.
என் கதாநாயகர்கள் இடதுகையால் சோறு பிசைவார்கள்.
பெயர்ப் பலகைகள் வலமிருந்து ஓடும்,
பாய் படிக்கிற செய்தித்தாள் மாதிரி.
வசனமெல்லாம் நாற்காலிக்காரர்களுக்கு.
எனக்குப் பதினைந்து வருஷமாக ஒரே பாட்டு:
டடடடடட.

முதல் ராத்திரி மீனவர் படம்.
இடைவேளைக்கு முன்னால் மூடுபனி ஏறியது.
துணியில் நிற்கவேண்டிய கடல்
துணியைத் தாண்டி
என் பக்கம் வழிந்தது.
வாளியோடு நகர்ந்து உட்கார்ந்தேன்.
சிரிக்காதீர்கள்,
கால் நனைந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பாட வந்த வர்தினி
மைக் சரிபார்க்கும்போது பின்னால் வந்தாள்.
இயந்திரத்தின் எதிரே கண்ணை மூடி நின்றாள்.
"அண்ணா, இது அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் கீழ நிக்குது.
என்னையும் கீழ இழுக்கும்."
என் மாடு அவள் கழனியில் மேய்ந்த மாதிரி
மன்னிப்புக் கேட்டேன்.
"பரவால்ல, இதுகூடவே பாடிடறேன்" என்று
சுருதிப்பெட்டியை அதற்கு இறக்கிக்கொண்டாள்.
அன்றைக்குக் கைதட்டலில்
என் பங்கு எவ்வளவு என்று
டீசல் கணக்கு மாதிரியே போட்டுப் பார்த்தேன்.

மூன்றாம் நாள், ஒன்பதே கால்.
அவள் மறுபடி மேடையில்.
டீசல் தீரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.
கேன் கையில் இருந்தது.
மூடிகூடத் திறந்தாகிவிட்டது.
இயந்திரம் இரண்டு தடவை இருமி
நின்றது.

முதலில் இருட்டு.
அப்புறம் என் காதுக்குள்
யாரோ கதவைச் சாத்தின மாதிரி ஒரு அமைதி.
பாதியில் அறுந்த வரியை
வெறுங்குரலில் எடுத்தாள்,
நேற்றைவிட ஒரு விரல் உயரத்தில்.
தன் முறைக்குப் பீடியோடு காத்திருந்த
கண்ணமங்கலம் பம்பைக்காரர்கள்
குச்சியை வைத்துவிட்டு விரலால் தொட்டார்கள் தோலை.
போனில் விளக்குப் போட்ட ஒருவரைப்
பக்கத்து ஆள் அணைக்கச் சொன்னது கேட்டது.
ஒரு குழந்தை கொட்டாவி விட்டதும் கேட்டது.
காவலூரில் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள்
வெளிச்சம் வேண்டாம் வேண்டாம் என்று
ஏன் சொல்கிறார்கள் என்பது
அண்ணாந்தபோது புரிந்தது.

ஊற்றவில்லை நான்.
கேனின் கைப்பிடி விரலில் பதிந்தது.
தீர்த்தகிரி டார்ச்சோடு வந்தார்.
கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
டார்ச்சை அணைத்துவிட்டுக்
கேனுக்கு அந்தப்பக்கம் குந்திக்கொண்டார்.

"ஏர் புடிச்சிக்கிச்சு பாய்" என்று போனில் சொன்னேன்.
கூலியில் இருநூறு பிடித்தார்.
டிக்கெட் அவ்வளவுதான் என்றால்
மலிவுதான்.

போன வாரம் ஆம்பூரில் ஒரு கல்யாணம்.
மண்டபத்துக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்து
இயந்திரத்தைக் கிளப்பினேன்.
அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது.